மருதாசலம் தூங்குகிறார்

"அவர் எந்த இடத்துலீங்க போனார்?"

டாக்டர் சென்னியப்பன் இப்படிக் கேட்டதும் கார்குழலி புரியாமல் பார்த்தாள்.

"யாரு?"

அவர் சுவரைக் காட்டினார்.

சுவர் முழுக்க ஒரு மத்தியானம் ஓடிக்கொண்டிருந்தது. கயிற்றுக் கட்டிலில் ஒரு வயதானவர் படுத்திருந்தார். பனியன், கட்டம் போட்ட லுங்கி. தலைமாட்டில் ஒரு டேபிள் ஃபேன். ஜன்னல் வழியாக விழுந்த வெயில் அவர் பாதத்திலிருந்து முழங்கால்வரை மெல்ல ஏறியது. வேறொன்றும் நடக்கவில்லை.

அது கார்குழலி செய்த வீடியோ. அவளுக்கு வேலையே அதுதான். கதை இருக்காது, பேச்சு இருக்காது. ஒரு முகம், ஒரு கை, தண்ணீர், தூக்கம், இப்படி எதையாவது எடுத்துச் சுவரில் ஓடவிடுவாள். இந்த முறை சிங்காநல்லூரில் மூடிக் கிடந்த ஒரு பஞ்சுக் கிடங்கைக் கேட்டு வாங்கி, வெள்ளையடித்து, உள்ளே வரிசையாக நாற்காலி போட்டிருந்தாள். வருகிறவர்கள் கொஞ்ச நேரம் நிற்பார்கள், ஃபோனில் ஒரு படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள்.

சென்னியப்பன் காலையில் வந்தவர், சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை.

"மறுபடி மறுபடி பாத்துட்டேனுங்க. ஆரம்பத்துல மூச்சு இருக்குது. கடைசில இல்லை. நடுவுல எங்கயோ போயிருக்கார். அந்த இடம் தெரிய மாட்டேங்குது."

"தெரியலைன்னா என்ன?"

"நான் டாக்டருங்க. ஐ.சி.யூ.வுல இருக்கறேன். இத்தனை வருஷமா அந்த இடத்தைப் பாக்கறதுதான் என் வேலை. எனக்குத் தெரியாமப் போகக் கூடாது."

அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை எதுவும் இல்லை. நாள் முழுக்க மூட்டை தூக்கிய ஆளின் குரல்போல இருந்தது.

கார்குழலி கிடங்கின் பின்பக்கம் திரும்பி, "அப்பா" என்று கூப்பிட்டாள்.

தட்டி மறைவிலிருந்து சாவிக்கொத்தோடு ஒருவர் வந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"பூட்டிரலாமா கண்ணு?"

சுவரில் படுத்திருந்த அதே ஆள்.

சென்னியப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசில படத்தை ரொம்ப மெதுவா ஓடவிட்டிருக்கேன்," என்றாள் கார்குழலி. "மூச்சு இருக்கு. ஒரு மூச்சு மேல வந்து கீழ எறங்க அவ்வளவு நேரம் ஆகும். நீங்க காத்திருக்கலை."

"செத்துட்டார்னு நெனைச்சேனுங்க."

"அப்படி எங்கயாச்சும் எழுதிப் போட்டிருக்கா?"

"இல்லீங்க."

"யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

"என்ன கண்ணு, என்னையப் பத்தியா?" என்றார் வந்தவர். மருதாசலம் என்று பேர்.

"நீங்க செத்துட்டீங்கன்னு நெனைச்சுட்டார்ப்பா."

மருதாசலம் டாக்டரை மேலும் கீழும் பார்த்தார். கோபப்படவில்லை.

"அதுக்கு இன்னும் நேரங் கெடக்குதுங்க தம்பி. காபி குடிக்கறீங்களா?"


மூவரும் கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஃபிளாஸ்க் காபி குடித்தார்கள்.

"எங்க வீட்டுக்காரி இப்ப பொண்ணு ரூம்ல படுத்துக்கறா," என்றார் சென்னியப்பன். யாரும் அவரைக் கேட்கவில்லை.

கார்குழலி அவர் தம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

"கலாமணின்னு பேருங்க. அவ தூங்கறப்ப நான் பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருக்கறேனாம். கையைப் புடிச்சு நாடி பாக்கறேனாம். முழிச்சுக்கறா. போன மாசம் சொல்லிட்டா, பொணத்தைப் பாக்கற மாதிரி என்னையப் பாக்காதீங்கன்னு."

"பாக்கறீங்களா?"

"பஸ்ல தூங்கிட்டு வர்றவங்களை அப்படித்தானுங்க பாக்கறேன். கோயில் மண்டபத்துல படுத்திருக்கறவங்களையும். எல்லாரும் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கறவங்களாத் தெரியறாங்க." தம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்ப அலுப்பா இருக்குதுங்க அம்மிணி."

"என்கிட்ட என்ன வேணும்?"

"இதை எப்படி எடுத்தீங்கன்னு சொல்லிக் கொடுங்க."

"கேமராவை ஸ்டாண்டுல மாட்டினேன். பட்டனை அமுக்கினேன்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

சென்னியப்பன் எழுந்திருக்கவில்லை. மருதாசலம் கிடங்கைப் பூட்டிவிட்டு வந்து நின்றார். பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வாங்க," என்றாள் கார்குழலி. "சாப்பிட்டுட்டு வாங்க."


பீளமேட்டில் பழைய மில் குடியிருப்பு வரிசையில் அவர்கள் வீடு. அப்பாவும் மகளும் மட்டும்தான்.

கார்குழலி கேமராவைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டாள்.

"அப்பா தூங்குவார். எடுங்க. எழுந்ததும் நிறுத்துங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மருதாசலம் சாப்பிட்ட கையோடு வந்து படுத்தார். தலைக்கு ரெண்டு தலையணை. "எதுன்னா பேசணும்னா பேசுங்க தம்பி, நான் பாட்டுக்குத் தூங்கிருவேன்," என்றார். அப்படியே தூங்கிவிட்டார்.

அவர் எழுந்தபோது ஜன்னல் வெயில் இறங்கியிருந்தது.

"என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள் கார்குழலி.

சென்னியப்பன் தயாராக இருந்தார். "மூச்சு ஒரே சீரா இல்லீங்க. வேகமாப் போகுது, அப்புறம் கொஞ்ச நேரம் நிக்குது, மறுபடி வருது. கணுக்கால் ரெண்டும் வீங்கியிருக்கு. கழுத்து நரம்பு புடைச்சிருக்கு. இதயம் ரொம்பப் பலவீனமா இருக்குதுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

கார்குழலி கேமராவைக் கையில் எடுத்தாள். ஏதோ அமுக்கினாள்.

"என்னங்க பண்றீங்க?"

"அழிக்கறேன்."

"ஒரு தடவகூடப் பாக்கலீங்களே!"

"எல்லாத்தையும்தான் சொல்லிட்டீங்களே."

சென்னியப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவளை விட்டுவிட்டு நேராக மருதாசலத்திடம் போனார்.

"உங்களுக்கு இதயத்துல கோளாறு இருக்குதுங்க ஐயா. தெரியுங்களா?"

"தெரியுந் தம்பி. வால்வு மாத்தணும்னாங்க. வேண்டாம்னுட்டேன். இத்தனை வருஷம் சத்தியமங்கலம் பஸ் ஓட்டுனேன், எத்தனை வண்டிக்கு எஞ்சினை எறக்கி ஏத்துனதைப் பாத்திருக்கறேன். சிலதுக்கு வேண்டியதில்லை."

"மாத்திரையாவது சாப்பிடறீங்களா?"

மருதாசலம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். சென்னியப்பன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றை நிறுத்தச் சொன்னார். நீர் இறங்க ஒரு மாத்திரை சேர்த்து எழுதிக் கொடுத்தார்.

"உப்பைக் குறைக்கணும். ஊறுகாயை விட்டுரணுங்க."

"உசுரை வேணா விடறேன்," என்றார் மருதாசலம்.

அடுத்த ஞாயிறு சென்னியப்பன் போனபோது மருதாசலம் வாசலிலேயே நின்றார். "தம்பி, காலு செருப்புக்குள்ள போகுது பாருங்க!" என்று ஒரு காலைத் தூக்கிக் காட்டினார்.


அப்புறம் எல்லா ஞாயிறும் வந்தார்.

முக்காலியில் உட்காருவார். பட்டனை அமுக்குவார். மருதாசலம் தூங்குவார். எழுந்ததும் கார்குழலி வந்து அதே கேள்வியைக் கேட்பாள்.

"மூச்சு போன வாரத்துக்குக் கொஞ்சம் பரவாயில்லீங்க."

அழித்துவிடுவாள்.

"நகத்துல நீலம் தெரியுது."

அழித்துவிடுவாள்.

"ஒண்ணும் விசேஷமில்லீங்க. நல்லாத் தூங்கறார்."

அன்றைக்கு அவள் விரல் ஒரு நொடி நின்றது. ஆனாலும் அழித்துவிட்டாள்.

ஒரு நாள் அவர் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "இதுக்கு எதுக்குங்க என்னைய வரச் சொல்றீங்க?"

"நானா வரச் சொல்றேன்?"

யோசித்துப் பார்த்தார். முதல் வாரத்துக்கப்புறம் அவள் ஒரு தடவைகூட வரச் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசியில் காய்ச்சல்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. அந்த வாரம் கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் அம்மாவிடமும் அப்பாவிடமும் தாழ்வாரத்தில் நின்றபடி சொன்னார். என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். சொல்லி முடித்துத் திரும்பி நடக்கும்போது அந்த அம்மாவின் முகம் ஞாபகத்தில் இல்லை. நின்று யோசித்தார். வரவேயில்லை.

அப்படியே ஞாயிறு மத்தியானம் பீளமேட்டுக்குப் போனார். வெறும் கட்டில் கிடந்தது.

"அப்பா அன்னூர்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டார்," என்றாள் கார்குழலி.

"அப்ப நான் கெளம்பறேனுங்க."

"படுங்க."

"என்னது?"

"கட்டில் சும்மாத்தான் கெடக்குது."

"எனக்குப் பகல்ல தூக்கம் வராதுங்க."

"சும்மா படுங்க."

மறுத்துப் பேசக்கூடத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றினார். படுத்தார். கயிறு முதுகில் அழுந்தியது. மேலே ஓட்டில் ஒரு கண்ணாடி ஓடு. அதன் வழியாக வானம் வெள்ளையாகத் தெரிந்தது. ஃபேன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கண் விழித்தபோது வீட்டில் விளக்கு எரிந்தது. எங்கே இருக்கிறோம் என்று பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கால்மாட்டில் கேமரா நின்றது. அதில் சிவப்புப் புள்ளி.

"எடுத்தீங்களா?"

"ஆமா."

லேப்டாப்பில் போட்டுக் காட்டினாள்.

நரைத்த ஒரு ஆள் வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு தூங்கினார். சட்டையில் ஒரு பித்தான் போடாமல் இருந்தது. சென்னியப்பன் வழக்கம்போல நெஞ்சைப் பார்த்தார். மூச்சு சரியாக இருந்தது. பிறகு கையைப் பார்த்தார்.

அந்த ஆளின் வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விரல்கள் நாடியின்மேல் இருந்தன. உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

தூக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

"அழிச்சுருங்க," என்றார்.

"மாட்டேன்."

"எத்தனை அழிச்சீங்க. இதை மட்டும் ஏனுங்க?"

"இதுல ஒருத்தர் இருக்கார்."

அதை ஒரு பென் டிரைவில் போட்டு அவர் சட்டைப் பையில் வைத்தாள். "வீட்டுல காட்டுங்க."


கலாமணி டி.வி.யில் போட்டுப் பார்த்தாள். பக்கத்தில் வெங்காயமும் கத்தியும் அப்படியே கிடந்தன.

முழுக்கப் பார்த்தாள். வெயில் நகர்ந்து, அறை இருட்டி, யாரோ விளக்குப் போடுகிறவரைக்கும். சென்னியப்பன் வாசல்படியில் நின்றார். உள்ளே வரவில்லை.

"இத்தனை நாளா என் கையத்தான் புடிச்சிருந்தீங்க," என்றாள் கடைசியில். "இப்ப புடிக்க ஆளில்லாம உங்க கையவே புடிச்சுக்கறீங்க."



கலாமணி வெங்காயத்தை நறுக்கி முடித்தாள். குழம்பைக் கொதிக்கவிட்டாள். பிறகு பெண்ணின் அறைக்குப் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நாடி பாத்தீங்கன்னா திரும்பிப் போயிருவேன்," என்றாள்.


கார்த்திகை மாதம் ஒரு வேலை நாளில் கார்குழலி ஃபோன் செய்தாள்.

"டாக்டர், கொஞ்சம் வர்றீங்களா?" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் நின்றார்கள். ஒருவர் ஃபோனில், "இன்னும் ஃப்ரீசர் பொட்டி வல்லீங்க, எப்ப எடுக்கறாங்கன்னு தெரியலை," என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரைப் பார்த்ததும் வழிவிட்டார்கள்.

மருதாசலம் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஸ்டூலில் தம்ளர். அதில் பாதிக் காபி ஆடை கட்டியிருந்தது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். எங்கும் அவர் முதலில் சொல்வது உயிர் போன நேரத்தைத்தான். இங்கே, நாற்காலியின் கையிலிருந்து வழுக்கித் தொங்கிய கையை எடுத்து மடியில் வைத்தார். அது அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

கார்குழலி சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அலமாரிமேல் கேமரா உறை போட்டபடி இருந்தது.

சென்னியப்பன் அதைப் பார்த்தார். "எடுக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கப்பா செத்துட்டார் டாக்டர்."

"ஆமாங்க."

"காபி குடுத்துட்டு உள்ள வந்தேன். ரசத்துக்குத் தாளிச்சேன். சக்கரை பத்தலைன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. வர்றேம்ப்பான்னேன். அடுப்பை அணைச்சுட்டுப் போனேன்." நிறுத்தினாள். "ஏழு வருஷமா அவர் தூங்கறதைப் பாத்துட்டே இருக்கேன். ஒரு கரண்டி தாளிக்கற நேரம். எந்த இடத்துல போனார்னே எனக்குத் தெரியலை."

சென்னியப்பன் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். இதயம் எப்படி நின்றிருக்கும், வலி இருந்திருக்குமா இருந்திருக்காதா, இதையெல்லாம் அவரால் சொல்ல முடியும். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான்.

"அவர் தூங்கறப்ப சத்தியமங்கலம் பஸ் ஓட்டுவாருங்க," என்றார்.

"என்ன?"

"கால்ல. முதல்ல எனக்கும் தெரியலை. இழுப்புன்னு நெனைச்சேன். அப்புறம் பாத்தா, மூச்சு நிக்குதுன்னு சொன்னேனில்லீங்க, அப்ப இடது காலை மெதுவா அழுத்துவார். கூடவே வலது காலையும். வண்டியை நிறுத்தறார். ஆள் ஏறி எறங்கற வரைக்கும் அப்படியே வெச்சிருப்பார். அப்புறம் காலை எடுப்பார். மூச்சு வரும்."

கார்குழலி அசையாமல் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லவேயில்லையே."

"நீங்க கேக்கறப்ப அது பெருசாத் தெரியலீங்க. நகம், நரம்பு, அதான் பெருசாத் தெரிஞ்சுது."

"எந்த வாரம் அது?"

"நெறைய வாரமுங்க. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தாரே, அதுக்கு அடுத்த ஞாயிறு நல்லாத் தெரிஞ்சுது."

அவள் முகம் மாறியது.

"நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேனே."

"ஆமாங்க," என்றார் சென்னியப்பன். ஆறுதலாக எதையும் சேர்க்கவில்லை.

வெளியே ஒரு வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ, "பாத்து, பாத்து, படியிருக்குது," என்றார்கள்.

"காலை எப்படி வெப்பார்?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் பேன்ட்டைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொண்டார். அந்தச் சமையலறைத் தரையில் ரெண்டு காலையும் நீட்டினார். இடது பாதத்தை மெல்ல முன்னால் அழுத்தினார். பிறகு வலது பாதத்தை. அப்படியே வைத்திருந்தார்.

கார்குழலி அந்தப் பாதங்களையே பார்த்தாள்.

"கோவில்பாளையம்," என்றாள்.

அவர் காலை எடுத்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார்.

"அன்னூர்."

காலை எடுத்தார். அழுத்தினார்.

"புளியம்பட்டி," என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சென்னியப்பன் காலை எடுக்கவில்லை. யாராவது வந்து கூப்பிடும்வரை அப்படியே அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.


மறுநாள் டியூட்டிக்குப் போனார்.

ஏழாம் படுக்கையில் ஜவுளிக்கடையில் வேலை செய்கிற ஒருவர். மூளையில் ரத்தக் கசிவு. மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தது. வெளியே தாழ்வாரத்தில் இரும்பு நாற்காலியில் அவர் மனைவி. மடியில் ஒரு துணிப்பை. டாக்டரைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எப்படிங்க இருக்கறார்?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. இருபத்து நாலு மணி நேரம் போகட்டும், பிரஷர் பிடிக்கவில்லை, எங்களால் ஆனதைச் செய்கிறோம்.

அவருக்குக் கால் வலித்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாவும் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"வீட்டுல எப்படிங்க தூங்குவார்?"

"குறட்டைங்களா?"

"இல்லீங்க. எப்படிப் படுப்பார்?"

அந்த அம்மா அவரை விநோதமாகப் பார்த்தார். டாக்டர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் பையின் பிடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"ஒருக்களிச்சுத்தானுங்க படுப்பார். சுவத்தைப் பாத்துட்டு. கல்யாணமான புதுசுல, முதுகைக் காட்டிட்டுப் படுக்கறாரேன்னு நான் அழுதிருக்கறேன். அப்புறந்தானுங்க தெரிஞ்சுது. தூங்கினதுக்கப்புறம் ஒரு கை மட்டும் பின்னால வரும். என் சீலையைப் புடிச்சுக்கும். காலைல எந்திரிக்கறதுக்கு நான் ஒவ்வொரு விரலாப் பிரிக்கோணும்."

"உள்ள வாங்க," என்றார் சென்னியப்பன்.

"இப்ப பாக்கற நேரம் இல்லை சார்," என்றாள் வாசலில் இருந்த நர்ஸ்.

"ஆமா. கொஞ்சம் கை குடுங்க சிஸ்டர், இவரைத் திருப்பணும்."

குழாய்களை ஒருத்தர் பிடிக்க, தோளை ஒருத்தர் பிடிக்க, அந்த மனிதரை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்தார்கள். அந்தப் பக்கம் சுவர் இல்லை, பச்சைத் திரைதான் இருந்தது. சென்னியப்பன் அவருடைய கையை எடுத்துப் பின்பக்கமாகக் கொண்டுவந்து வைத்தார். அந்த அம்மா யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சீலைத் தலைப்பை அந்த உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை மூடினார்.

மூடியவை மூடியபடி இருந்தன. தானாகவா, அந்த அம்மா மூடியதாலா என்று சென்னியப்பன் பார்க்கவில்லை. மெஷினில் எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அதையும் பார்க்கவில்லை.

அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். மூக்கோரத்தில் ஒரு மரு. நெற்றியில் பாதி அழிந்த குங்குமம். இடது புருவத்தில் ஒரு நரை.

அந்த அம்மாவும் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது.

"இல்லீங்க," என்றார்.